‘ரெசிட்யூ’ – எச்சமா, கண்ணியா?

குடியாத்தம் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழி பிளஸ் டூ புரதப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு அமினோ அமிலங்கள் கோக்கும்போது ஒன்றின் கார்பாக்சிலிலிருந்து ஹைட்ராக்சிலும், மற்றதன் அமினோவிலிருந்து ஹைட்ரஜனும் நீராகப் போய்விடுகின்றன. பிறகு புரதச் சங்கிலியில் நிற்பது முழு அமிலம் அல்ல, நீர் போக மிஞ்சிய பகுதி, அதாவது ரெசிட்யூ. அதையும் ‘அமினோ அமிலம்’ என்றே எழுதுவதால் கணக்கு கெடுகிறது. கிளைசீன் என்ற அமினோ அமிலத்தின் மூலக்கூறு எடை 75, நீர் 18 போனால் 57. ஆனால் பத்து கிளைசீன் சங்கிலிக்கு 75 × 10 = 750 என்று போடுகிறார்கள். சரியான விடை 588: 57 × 10, அதோடு இரு முனைகளுக்கும் சேர்த்து 18. அந்த 57-க்கு ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஆரணி புலவர்:
இதில் தேட என்ன இருக்கிறது? எச்சம். அஞ்சு – அச்சம், மிஞ்சு – மிச்சம், எஞ்சு – எச்சம். பெயரெச்சத்தை நினைத்துப் பாருங்கள்: ‘வந்த’ என்பது தனியே நிற்காது, ஒரு பெயரைத் தேடும். உங்கள் 57-ம் அப்படித்தானே, இருபுறமும் கை நீட்டிக்கொண்டு? தொல்காப்பியத்தில் எச்சவியல் என்று ஓர் இயலே உண்டு. பிரிநிலை முதல் இசை வரை பத்து எச்சம். குறள் 114-இல் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொள்கிறார். வேள்வி என்ற பொருளும் உண்டு, அது யக்ஞத்திலிருந்து வந்த வேறு சொல். அதை இதோடு குழப்பக்கூடாது.

வாலாஜா:
ஐயா, வேள்வியை யாரும் குழப்பப் போவதில்லை. காக்கா எச்சத்தைத்தான் குழப்புவார்கள். ‘எச்ச’ இன்றைக்குப் பசங்க வாயில் வசவு. ‘புரதத்தில் 51 எச்சம்’ என்றதும் வகுப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். சங்கிலி என்று சொல்லியாகிவிட்டது, அதன் உறுப்பு கண்ணி. அமினோக் கண்ணி, குளுக்கோஸ் கண்ணி.

ஆரணி புலவர்:
கண்ணி வலையிலும் உண்டு, வெடியிலும் உண்டு, தாயுமானவர் பாட்டிலும் உண்டு. தவிர, கண்ணி கழற்றினாலும் முழுசாக இருக்கும். இங்கே ஏதோ ஒன்று போய்விட்டது என்பதுதானே பாடம்?

ராணிப்பேட்டை (தோல் தொழில்நுட்பம்):
எங்கள் பக்கத்துச் சங்கடம் வேறு. தோலின் முக்கியப் புரதமான கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன். ஆனால் தோல் பதனிடும்போது குரோமியம் பற்றுவது ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் என்ற அமினோ அமிலங்களின் பக்கவாட்டுக் கார்பாக்சிலை. பச்சைத் தோல் 65 டிகிரிக்கு முன்பின்னாகச் சுருங்கும், குரோம் ஏற்றியது கொதிநீரையும் தாங்கும். இதை விளக்கும்போது ‘தோலில் உள்ள குளூட்டாமிக் எச்சம்’ என்று எழுதினால், பதனிடும் டிரம்மில் ஊற்றிய ரசாயனம் கழுவப்படாமல் தங்கிவிட்டது என்றே படிப்பார்கள். குரோமிய எச்சம், பூச்சிமருந்து எச்சம் எல்லாம் அந்தப் பொருளில் புழங்குகின்றன. ரெசிட்யூ என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஆரணி புலவர்:
ஆங்கிலத்திலும் பூச்சிமருந்துக்கும் புரதத்துக்கும் ஒரே சொல்தான். அவர்களுக்குக் குழப்பமில்லை, நமக்கு மட்டும் ஏன்?

குடியாத்தம் ஆசிரியர்:
ஸ்டார்ச் பாடத்திலும் இதே சொல் வேண்டும்: குளுக்கோஸ் 180, சங்கிலியில் 162. நான்கு பேர் தனிமடலில் எச்சம் என்றார்கள், இரண்டு பேர் கண்ணி. ஆகவே ‘அமினோ அமில எச்சம்’ என்று முழுசாக எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ரெசிட்யூ’ என்று சேர்க்கிறேன். கேள்வி இது: இன்சுலினில் 21-ம் 30-மாக இரு சங்கிலிகள், 51 எச்சங்கள், அவற்றை வரிசையாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு எத்தனை? 50 என்று எழுதுவார்கள். விடை 20 + 29 = 49, ஏனெனில் சங்கிலிகள் இரண்டையும் சேர்ப்பது பெப்டைடு அல்ல, டைசல்பைடு பாலம் என்ற கந்தகப் பிணைப்பு. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வாலாஜா:
அனுப்பியது சரி. ஆனால் உங்கள் பத்து கிளைசீன் சங்கிலியில் அமினோ முனையில் இருப்பது 58 (57-ஓடு ஹைட்ரஜன் 1), கார்பாக்சில் முனையில் இருப்பது 74 (57-ஓடு ஹைட்ராக்சில் 17). அவை இரண்டும் முழுசாக எஞ்சவுமில்லை, முழுசாக இழக்கவுமில்லை. புலவர் ஐயா அவற்றை என்ன எச்சம் என்பார்? கண்ணி என்றிருந்தால் ‘முனைக்கண்ணி’ என்று முடிந்திருக்கும்.

ஆரணி புலவர்:
குறையெச்சம். காரணம் நாளை எழுதுகிறேன்.