2³¹−1 பகா எண் என்று விரிதாளில் காட்டிவிட்டோம். அடுத்த எண்ணுக்கு உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பிள்ளைகளின் கணித வகுப்புக்கு, 2ⁿ−1 வகை எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்–லேமர் சோதனையை விரிதாளில் போடுகிறோம். 4இல் தொடங்கி, வர்க்கத்தில் 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை எடுக்க வேண்டும்; அந்த மீதியை வைத்து மீண்டும் அதையே செய்ய வேண்டும். n−2ஆம் முறை 0 வந்தால் பகா எண். 127க்கு (2⁷−1) 14, 67, 42, 111, 0 என அழகாக முடிகிறது. 2147483647க்கு (2³¹−1) 29ஆம் முறை 0 வரவேண்டும். நான்காம் முறை 1416317954 வரைதான் சரி. அடுத்த வர்க்கம் 19 இலக்கம், விரிதாள் 15 இலக்கம்தான் தாங்கும்.

எண்ணை அ×2¹⁶+ஆ என்று பிரித்தோம். 2³¹இன் மீதி 1 என்பதால் வர்க்கம் 2அ²+2¹⁷×அ×ஆ+ஆ² ஆகி உள்ளே அடங்கிவிட்டது. 1772இல் கணித மேதை ஆய்லர் கணினியில்லாமல் நிறுவிய எண், பிள்ளைகள் பார்த்தே ஆகவேண்டும்!

2⁶¹−1க்கு இரண்டு துண்டு போதாது. மூன்றாகப் பிரித்துச் செய்தவர்கள், ஒரு துண்டில் அடங்காமல் அடுத்த துண்டுக்குப் போகும் மிகுதியை (carry) எப்படிக் கடத்தினீர்கள்? முதல் பத்து மீதிகளையும் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.