16 வருடம் கழித்து அந்த உறுமல்

ஸ்வீடன் மெட்டல் இசைக்குழு ஓப்பெத்தின் ஆல்பத்தில் உறுமல், அதாவது அடித்தொண்டையில் உறுமிப் பாடும் குரல், கடைசியாகக் கேட்டது 2008-இல், வாட்டர்ஷெட்டில். அப்போது நான் கல்லூரியில். 2011-இல் ஹெரிட்டேஜ் வந்தபோது பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் அதை விட்டிருந்தார். மேடையில் பழைய பாட்டுக்கு உறுமுவார், புதுசில் கிடையாது. இடையில் வந்த நான்கு ஆல்பங்களும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் மனசு ஒரு பக்கம் காத்துக்கொண்டேதான் இருந்தது.

2024 நவம்பர் 22-இல் அடுத்த ஆல்பம் தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட் வந்தது. ஆகஸ்டிலேயே வெளியான முதல் பாட்டைக்கூடக் கேட்காமல் அடக்கி வைத்திருந்தேன். பிள்ளைகள் தூங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு, போனில் பாடல் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

முதல் ஏழு பாட்டுக்கும் பெயர் இல்லை. சட்டப் பத்திரத்தில் பிரிவு எண்ணுக்கு முன்னால் போடும் குறியும் எண்ணும் மட்டும்தான். ஆல்பம் முழுக்க ஒரே கதை. முதல் உலகப்போர் முடிந்த காலம். ஒரு பணக்காரர் இறந்துபோக, பிள்ளைகள் மூவர் முன்னால் உயில் வாசிக்கப்படுகிறது. வரிகளோடு கேட்டபோது அந்த உறுமல் செத்தவரே எழுந்து வந்து பேசுவதுபோல் இருந்தது எனக்கு.

நான்காவது பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். முரட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்தது சட்டென அடங்கி, ஹார்ப் தந்திகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அதன்மேல் ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இயன் ஆண்டர்சனுடைய புல்லாங்குழல், ஊதும் மூச்சுக் காற்றே கேட்கும்படி. அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். புது டிரம்மர் வால்ட்டெரி வாய்ரினெனுக்கு ஓப்பெத்தில் இதுதான் முதல் ஆல்பம். கை அவ்வளவு லேசு. மூன்றாவது பாட்டு இன்னும் மனசில் ஒட்டவில்லை. 51 நிமிடத்துக்குள் இத்தனை திருப்பங்களை அடைத்தால் முதல் தடவையில் மூச்சு வாங்கத்தான் செய்கிறது.

கதையில், மூவரில் இரட்டையர் இருவரும் தன் ரத்தமில்லை என்று உயிலில் எழுதிவிட்டு, போலியோ வந்த பெண்ணுக்கே சொத்தை வைக்கிறார் அப்பா. எட்டாவது பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு: எ ஸ்டோரி நெவர் டோல்ட். அதில் ஒரு கடிதம் வருகிறது. அவளும் அவர் பெற்ற பெண் இல்லை. உறுமலே இல்லாத, மெதுவான பாட்டு. அன்றிரவு அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன்.

உங்களுக்கெல்லாம் முதல் தடவை எப்படி இருந்தது?

*

அண்ணா, நான் 2016-இல் அவர்களுடைய சார்சரெஸ் ஆல்பம் கேட்டு உள்ளே வந்தவன். எனக்கு ஓகர்ஃபெல்ட் என்றாலே அந்த மெல்லிய குரல்தான். அதனால் முதல் பாட்டில் உறுமல் வந்ததும் திடுக்கிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து வரிகளோடு கேட்ட பிறகுதான் பிடிபட்டது. இப்போது வாட்டர்ஷெட்டிலிருந்து பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று 2001-இன் பிளாக்வாட்டர் பார்க் வரை வந்தாயிற்று.