நினைவேந்தலில் இசை வேண்டுமா? உல்மானின் மூன்றாவது குவார்ட்டெட்டை முன்வைத்து

இளவேனில்:
நான் வசிக்கும் ஜெர்மானியச் சிற்றூரின் நகர மன்றக் கூடத்தில், சனவரி 27 அன்று, நாஜிகளின் யூத இனப்படுகொலையில் மாண்டோருக்கு நினைவேந்தல் நடைபெற்றது. இவ்வூரிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பெயரையும் வயதையும் பள்ளி மாணவர்கள் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். அதன் பிறகு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நான்கு கலைஞர்கள் அமர்ந்து, இசையமைப்பாளர் விக்டர் உல்மான் 1943-இல், இன்றைய செக் நாட்டில் நாஜிகள் நடத்திய டெரெசின் முகாமில் கைதியாக இருந்தபோது எழுதிய மூன்றாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (நான்கு தந்திக் கருவிகளுக்கான இசையை) வாசித்தார்கள். ஏறத்தாழக் கால் மணி நேரம். கைதட்ட வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுரம் ஓய்ந்த பிறகும் செல்லோக் கலைஞர் வில்லைக் கீழே இறக்காமல் வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். கூடத்தில் யாரும் அசையவில்லை. இத்தகைய நிகழ்ச்சி ஒவ்வோர் ஊரிலும் நடைபெற வேண்டும் என்பது என் கருத்து.

செந்தூரன்:
உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. பெயர்களை வாசித்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். முகாம்களில் இசை என்னவாக இருந்தது என்பதை அங்கே வாசித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வார்சாவில் பிறந்த இசையமைப்பாளர் ஷிமோன் லாக்ஸ், அவுஷ்விட்ஸ்-பிர்க்கெனா என்னும் நாஜி வதை முகாமில் ஆண்கள் இசைக்குழுவை நடத்தி உயிர் பிழைத்தவர். காலையில் வேலைக்குப் போகும் கைதிகளும் மாலையில் திரும்பும் கைதிகளும் சீராக நடப்பதற்காக அந்தக் குழு வாயிலில் அணிநடை இசை வாசித்தது. 1943 கிறிஸ்துமஸின்போது பெண்கள் மருத்துவக் கொட்டடியில் போய் வாசிக்கும்படி ஆணை வந்தது. அங்கே கிடந்த நோயாளிகள் முதலில் அழுதார்கள். பிறகு, எங்களை நிம்மதியாகச் சாக விடுங்கள் என்று கூச்சலிட்டு அவர்களை வெளியேறச் செய்தார்கள். இதை எழுதிய லாக்ஸ், இசை கைதிகளுக்குத் தெம்பு தந்தது என்ற பேச்சையே மறுத்தவர்.

டெரெசினில் நடந்தது இன்னும் கொடியது. 1944 சூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது, முகாமாக்கப்பட்ட அந்த ஊருக்கே வண்ணம் பூசி, குழந்தைகளின் இசை நாடகத்தை நடத்திக் காட்டினார்கள். பிறகு எடுத்த பிரச்சாரப் படத்தில், கைதியாக இருந்த இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ் எழுதிய இசையைக் கைதிகள் வாசிப்பதையும் படம்பிடித்தார்கள். சில வாரங்களில், அக்டோபர் 16 அன்று, ஹாஸையும் உல்மானையும் ஒரே ரயிலில் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். பொய்க்குத் திரைச்சீலையாக இருந்த இசையை மீண்டும் மேடையேற்றி, நாம் கண்கலங்கி வீடு திரும்புவது எந்த வகை நினைவேந்தல்?

கோதை:
இருபது ஆண்டுகளாக வியோலா வாசிப்பவள் என்பதால், இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஆணைக்கு வாசித்த அணிநடையும், ஒருவர் தன் மனத்தில் இருந்ததை எழுதி வைத்த குவார்ட்டெட்டும் ஒன்றல்ல, செந்தூரன் அவர்களே. உல்மான் இந்த இசையை முகாமைப் பார்வையிட வந்த எந்தக் குழுவுக்காகவும் எழுதவில்லை. நாங்கள் (பைபிளில் வரும் நாடு கடத்தப்பட்ட யூதர்களைப் போல) பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை, கலைக்கான எங்கள் முனைப்பு வாழ்வதற்கான எங்கள் உறுதிக்கு ஈடாக இருந்தது என்ற பொருளில் அவரே டெரெசினில் எழுதியிருக்கிறார்.

வாசித்துப் பார்த்தால் அது புரியும். நான்கு பகுதிகளையும் இடைவெளி விடாமல் வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் ஏறக்குறைய வால்ட்ஸ் போல இதமாக அசையும் மெட்டு வருகிறது. மூன்றாவதான லார்கோ என்னும் மிக மெதுவான பகுதியில் ஒரு கருவி விட்ட மெட்டை மற்றொன்று தனியாக எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு சுரங்களையும் தொட்டுச் செல்லும் அந்த மெட்டில் கால் ஊன்ற இடமே இருக்காது. அங்கே வில்லை அழுத்தினால் இசை கெட்டுவிடும். நரம்பைத் தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். இறுதியில் தொடக்க மெட்டே திரும்பி வருகிறது, இம்முறை முழு வலிமையோடு. பரிதாபம் தேடும் இசை இப்படி எழுதப்படாது.

நீங்கள் சான்று காட்டிய அதே லாக்ஸ், விடுதலையான 1945-லேயே தமது மூன்றாவது குவார்ட்டெட்டைப் போலந்து நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டு எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முகாம் இசையைப் பற்றி அத்தனை கசப்போடு பேசியவர் இசையைக் கைவிடவில்லை. அந்தப் படத்தில் ஹாஸின் இசையை நடத்திய கைதி கரெல் ஆன்செர்ல் உயிர் பிழைத்து, போருக்குப் பின் டெரெசினில் அதன் வாசிப்புத் தாள்களைத் தேடி எடுத்தார். டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவிக்குரிய தாள் மட்டும் கிடைக்காததால், அதைப் பின்னர் புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. வாசிக்காமல் விட்டால் மீதித் தாள்களும் அந்தத் தாளைப் போலத்தான் ஆகும்.

செந்தூரன்:
லாக்ஸின் குவார்ட்டெட்டைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதை நான் கணக்கில் கொள்ளவில்லை. உல்மானை வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லவும் இல்லை. இசை அரங்கில், மற்ற இசையமைப்பாளர்களுக்கு இணையாக, நிறையக் கைதட்டலோடு வாசியுங்கள். நினைவேந்தலில் வேண்டாம் என்கிறேன். டெரெசினுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தவர்கள் சுமார் 33,000 பேர். கிழக்கே இருந்த கொலை முகாம்களுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டவர்கள் சுமார் 88,000 பேர். இவர்களில் நம் நினைவில் நிற்பவர்கள் யார்? உல்மான், ஹாஸ், ஹான்ஸ் க்ராசா, கிடியோன் க்ளைன் என்று நான்கைந்து இசைமேதைகள். இளவேனில், உங்கள் ஊரில் வாசித்த பெயர்களில் ஒன்றாவது இப்போது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

இளவேனில்:
பெயர் இல்லை, வயது நினைவிருக்கிறது: ஏழு. வாசித்த மாணவிக்கும் ஏறக்குறைய அதே வயதில் தங்கை இருக்கக்கூடும். அந்த எண்ணைச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. பெயர் நினைவில் இல்லை என்பது உங்கள் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது, வெட்கமாகவும் இருக்கிறது. இன்று மாலை அந்தக் குழந்தை வாழ்ந்த தெருவுக்குப் போய், அதன் குடும்பம் குடியிருந்த வீட்டின் முன் நடைபாதையில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில் பெயரைப் படிக்கப் போகிறேன். அடுத்த ஆண்டு இசையை முதலில் வாசித்து, பெயர்களைக் கடைசியில் வாசிக்கும்படி ஏற்பாட்டாளர்களிடம் கேட்கவும் எண்ணுகிறேன். அப்படிச் செய்தால், கூடத்தை விட்டுப் போகிறவர்களின் காதில் இசை நிற்காது, பெயர்கள் நிற்கும்.

செந்தூரன்:
அந்த வரிசையில் நடத்தினால் என் எதிர்ப்பில் பாதி குறைந்துவிடும்.

கோதை:
எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இறுதிப் பகுதி முடியும் வேகத்தில், உடனே எழுந்து பெயர் வாசிக்க ஒரு பிள்ளையால் முடியாது. நடுவில் ஐந்து நிமிடமாவது மௌனம் விடச் சொல்லுங்கள், இளவேனில்.