இரண்டு சமூகப் பணியாளர் இடங்களைக் கொடுத்து ஓர் உதவி இயக்குநர் பதவியா?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புத் துறையில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது சேவை மேலாளர். ஐந்து சேவை மேலாளர்களும் நேரே இயக்குநரின் கீழ்தான் இருக்கிறோம். அவர் வீட்டுவசதியையும் சேர்த்துக் கவனிக்கிறார். ஒரு கையெழுத்துக்காக வெள்ளிக்கிழமை மாலை வரை அவர் அறை வாசலில் நிற்பது எங்களுக்குப் பழகிவிட்டது.

நடுவில் ஓர் உதவி இயக்குநர் பதவியை உருவாக்கலாம் என்று முடிவாகி, முன்மொழிவை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. மூன்று வாரம்தான் அவகாசம். பதவி தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கான பணம்தான் உறுத்துகிறது. ஏழு மாதமாக ஆள் கிடைக்காமல் காலியாக இருக்கும் இரண்டு சமூகப் பணியாளர் இடங்களை நீக்கிவிடலாம் என்கிறது நிதிப் பிரிவு. "இத்தனை நாள் இல்லாமலே சமாளித்தீர்களே" என்கிறார்கள். நாங்கள் சமாளிக்கவில்லை. தன் மகனுக்கான பராமரிப்புத் தேவை மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு தாய் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் தேதி இல்லை.

இந்த முன்மொழிவை மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எப்படி எழுதுவது? அந்தப் பதவிக்குள் எதை வைக்க வேண்டும்?

மறுமொழி 1

சகோதரி, அப்படிப் புதிதாக உருவாக்கிய ஒரு நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவன் நான். பணி விவரம் நான்கு பக்கம். "தலைமை தாங்குதல்", "ஒருங்கிணைத்தல்", "மேம்படுத்துதல்" எல்லாம் இருந்தன. எவ்வளவு செலவுக்கு நான் ஒப்புதல் தரலாம் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. செலவு கூடிய பராமரிப்புத் திட்டங்கள் எல்லாம் முன்போலவே இயக்குநர் மேசைக்குப் போயின. நடுவில் என் மேசையில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போயின, அவ்வளவுதான். ஒன்பது மாதம் கழித்து, யார் எதற்கு ஒப்புதல் தரலாம் என்று சொல்லும் அதிகார ஒப்படைப்பு அட்டவணையைத் திருத்திய பிறகே அது ஒரு பதவியாயிற்று.

ஆகவே பணி விவரத்தை எழுதத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வையுங்கள். இயக்குநரிடம் போகும் ஒவ்வொரு விஷயமும்: யார் அனுப்பினார், எத்தனை நாள் நின்றது, அவர் எதை மாற்றினார். ஒரு எழுத்தும் மாறாமல் திரும்பி வருபவற்றுக்குப் புதிய அதிகாரி தேவையில்லை. அந்த அதிகாரம் உங்களைப் போன்ற மேலாளர்களிடமே இருக்கலாம். மிச்சமிருப்பதுதான் புதிய பதவியின் வேலை.

இன்னொன்று, இது எனக்கு மிக முக்கியம். உள்ளாட்சிகளின் சமூக சேவைகளை ஆராய்ந்த சீபோம் குழுவின் 1968 அறிக்கையைத் தொடர்ந்து வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், சமூக சேவைக்கென ஓர் இயக்குநரை நியமிக்கச் சொன்னது. பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும் என்பதே அதன் உயிர். 2000இல் எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே கொல்லப்பட்டாள். அதை விசாரித்த லேமிங் பிரபு, 2003 அறிக்கையில், பொறுப்பேற்க மறுத்த மூத்த அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தார். அடிமட்டத்தில் தெரிந்தது மேலே தெரியவில்லை என்றால், இடையில் படிகள் இருந்து என்ன பயன்? 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் குழந்தைகளுக்கு ஓர் இயக்குநர், வயதுவந்தோருக்கு ஓர் இயக்குநர் என்று பிரித்தது. உங்கள் இயக்குநரின் சட்டப் பொறுப்பு உதவி இயக்குநர் வந்தாலும் அவரிடமே இருக்கும். இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கடுமையான பாதுகாப்பு விவகாரம் எதுவும் நடுப்படியில் தங்காமல் அன்றே இயக்குநர் காதுக்குப் போகும் வழியையும் எழுதுங்கள்.

மறுமொழி 2

நான் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். 1989ஆம் ஆண்டின் உள்ளாட்சி, வீட்டுவசதிச் சட்டப்படி, இயக்குநருக்கு நேரடியாகப் பதில் சொல்பவர் துணைத் தலைமை அதிகாரி என்ற வரையறைக்குள் வருவார். அரசியல் ஈடுபாட்டுக் கட்டுப்பாடும் அதோடு வரும். இன்று அந்த வரையறை உங்கள் ஐவருக்கும் பொருந்தும். புதிய படி வந்தால் உங்கள் நிலை மாறும். எனவே ஐவரையும் முறையாகக் கலந்தாலோசிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டம் (Localism Act) கேட்கும் வருடாந்தர ஊதியக் கொள்கை அறிக்கையிலும் இந்தப் பதவி இடம்பெற வேண்டும். பதவியின் ஊதியத் தரத்தை முடிவு செய்யும் பணி மதிப்பீடு முடியும் முன் ஊதியத்தை எழுதாதீர்கள். எழுதும்போது ஓய்வூதியப் பங்களிப்பையும் தேசியக் காப்பீட்டையும் சேர்த்த முழுச் செலவை எழுதுங்கள்.

மறுமொழி 3

அக்கா, நான் களத்தில் இருக்கும் சமூகப் பணியாளர். ஆள் இல்லாத இடம் என்றால் வேலை இல்லாத இடமா? அந்த இருவரின் வேலையைத்தான் நாங்கள் இரவில் வீட்டில் உட்கார்ந்து செய்கிறோம். ஒருமுறை நீக்கிய இடம் திரும்பி வந்ததை நான் பார்த்ததே இல்லை. உதவி இயக்குநர் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒரு நாளாவது எங்களோடு வீடுகளுக்கு வர வேண்டும் என்று பணி விவரத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடி பத்து வேலை நாள் குறிப்பெடுத்தேன். 31 விஷயங்கள் மேலே போயின. 19 அப்படியே திரும்பின. மிச்சம் 12இல் பெரும்பாலானவை இரண்டே வகை: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புபவருக்கு யார் செலவழிப்பது என்று சுகாதாரத் துறையோடு வரும் இழுபறி, திடீரென மூடப்போகும் பராமரிப்பு இல்லங்கள். இரண்டும் ஒரே நாளில் பலரைக் கூட்டி முடிவெடுக்க வேண்டியவை. புதிய பதவியை அந்த இரண்டையும் சுற்றியே வரைந்திருக்கிறேன், செலவு அதிகாரத்தோடு. அந்த 19 வகையையும் மேலாளர்களுக்கே ஒப்படைக்கக் கேட்டிருக்கிறேன்.

தம்பி, வீடுகளுக்கு வரும் நாளையும் எழுதிவிட்டேன்.

ஐந்து மேலாளர்களில் ஒருவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அவருடைய இரு குழுக்களை நாங்கள் நால்வர் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டோம். அந்த இடத்தின் பணம் பெரும்பகுதியை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. குறையும் தொகையை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு இடங்கள் ஏன் நீக்கப்படக் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு பக்கம், காத்திருப்போர் பட்டியலோடு. இயக்குநர் வாசித்துவிட்டு நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை மன்றக் குழுவின் முன் வைக்கிறோம்.