மணிக்கட்டு லிகமென்ட் கிழிசல்: 16 வயதுப் பையனுக்கு ஆபரேஷன் இப்போதே தேவையா?

வாலிபால் அப்பா:
பையன் மூன்று வாரத்துக்கு முன் பந்தை எடுக்கப் பாய்ந்து கையை ஊன்றி விழுந்தான். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்று க்ரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். வலி போகவே இல்லை. இப்போது எம்.ஆர்.ஐ.யில், ஸ்கேஃபாய்ட், லூனேட் என்ற இரண்டு எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் லிகமென்ட் பாதி கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. டாக்டர் ஆர்த்ரோஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன், என்கிறார். இந்த வயதில் செய்யலாமா?

தென்றல்73:
தள்ளிப்போடாதீங்க சார். முழுசா அறுந்திருந்தால் தைத்துச் சேர்க்க முதல் ஆறு வாரம்தான் நல்ல காலம், அப்புறம் நார் சுருங்கிவிடும், வேறு தசைநாரை எடுத்துக் கட்டவேண்டி வரும். அதையும் விட்டால் ஸ்கேஃபாய்ட் சாய்ந்து, வருடங்கள் போகப் போக மூட்டே தேயும்.

பிசியோக்காரன்:
நீங்கள் சொல்வது முழுக் கிழிசலுக்கு. அவர் ரிப்போர்ட்டில் இருப்பது பாதி. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விரியவில்லை என்றால் முதலில் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை அசையாமல் தாங்கும் பட்டை), அப்புறம் முன்கைத் தசைகளுக்குப் பயிற்சி, அதிலேயே தேறுகிறவர்கள் நிறைய. தைத்தால் கம்பி செருகி எட்டு வாரம் போல அசைக்காமல் வைக்கவேண்டும், எடுத்த பிறகும் மணிக்கட்டு முன்போல மடங்காமல் போகலாம். ஸ்மாஷ் அடிக்கிற பையனுக்கு அது சின்ன இழப்பா?

தென்றல்73:
பாதிதான் என்று எம்.ஆர்.ஐ.யை மட்டும் வைத்து எப்படி உறுதியாகச் சொல்றீங்க? அதில் தவறிப்போகும் கிழிசல்கள் உண்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சரியாகத் தெரியும். ஸ்பிளிண்டில் ஆறு வாரத்தைக் கழித்த பிறகு முழுசு என்று தெரிந்தால் என்ன செய்வது? ஏற்கெனவே மூன்று வாரம் போயாச்சு.

பிசியோக்காரன்:
அதைத் தெரிந்துகொள்ள எடுத்தவுடன் கேமரா வேண்டாமே. கையை இறுக்கி மூடச்சொல்லி ஒரு எக்ஸ்-ரே எடுங்கள், சாதாரணப் படத்தில் மறைந்திருக்கும் எலும்பு இடைவெளி அதில் தெரியவரும். இரண்டு கையையும் எடுக்கவேண்டும், சிலருக்கு இடைவெளி இயல்பிலேயே கூடுதல். ரேடியஸ் என்ற முன்கை எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளமாக வளரும் முனைப் பகுதி) மூடிவிட்டதா என்றும் கேளுங்கள், மூடாத பிள்ளைகளுக்கு வலி அங்கிருந்தும் வரும்.

தென்றல்73:
சரி, எக்ஸ்-ரே எடுக்கட்டும், ஆனால் இந்த வாரமே. படத்தில் விரியவில்லை என்பதற்காகக் கிழிசலே சின்னது என்று ஆகிவிடாது, அழுத்தினால் வலிக்கிறது, பிடி தளர்கிறது என்றால் கை அறுவை நிபுணர் ஒருவரிடம் காட்டாமல் பயிற்சியில் இறங்காதீங்க.

வாலிபால் அப்பா:
நாளைக்கே எடுக்கிறோம். அடுத்த மாதம் போட்டி இருக்கிறது, டேப் சுற்றி ஆடட்டும் என்கிறார் கோச்.

பிசியோக்காரன்:
கூடவே கூடாது. டேப் லிகமென்ட் செய்கிற வேலையைச் செய்யாது, இன்னொரு முறை கையை ஊன்றி விழுந்தால் பாதி முழுசாகிவிடும்.

தென்றல்73:
ஆமாம், ஆடவிடாதீங்க சார்.