மறுமொழி: அகச்சிவப்பா, புறச்சிவப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

மின்காந்த நிறமாலைப் பாடத்தில் என் பங்கை எழுதும்போது ஒரு சொல் இடறிக்கொண்டே இருக்கிறது. அகச்சிவப்பு, அதாவது ஆங்கிலத்தில் இன்ஃப்ராரெட். அதைப் புறச்சிவப்பு என்று மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஏன் கேட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு, வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800இல் செய்த சோதனையைச் செய்து பார்த்தோம். ஓர் அட்டைப்பெட்டி, ஒரு முப்பட்டகம், குமிழில் கறுப்பு மை பூசிய தெர்மாமீட்டர்கள். பெட்டிக்குள் வண்ணப்பட்டை விழுந்ததும், "அகச்சிவப்பு எங்கே இருக்குமோ அங்கே ஒன்றை வை" என்றேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிவப்பின் நட்ட நடுவில் வைத்தாள். "அகம்னா உள்ளேதானே அங்கிள்?" புற ஊதா எங்கே என்று கேட்டதும், ஊதாவைத் தாண்டி இருட்டில் சரியாக விரலை வைத்தாள். இரண்டு முறையும் அவள் சொல்லை நம்பித்தான் நடந்தாள். ஒரு சொல் வழிகாட்டியது, இன்னொன்று கைவிட்டது.

ஹெர்ஷல் கண்டது என்ன? சிவப்புக்கு வெளியே, வண்ணமே இல்லாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர்தான் மற்றவற்றைவிட அதிகமாக ஏறியது. கண்டுபிடிப்பே 'வெளியே' என்பதில்தான் இருக்கிறது. மறு ஆண்டே, 1801இல், ஜெர்மன் அறிவியலாளர் ரிட்டர் ஊதாவுக்கு வெளியே சில்வர் குளோரைடு வேகமாகக் கறுப்பதைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியும் பட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு புறங்கள். அப்படியானால் புற ஊதாவுக்குத் துணை புறச்சிவப்புதானே?

> அகச்சிவப்பு என்றால் உள்ளே தகிக்கும் சிவப்பு. வெப்பக் கதிருக்குப் பொருத்தமான பெயர்.

தில்லி நண்பர் எழுதிய இந்த வரி எனக்கு உண்மையிலேயே பிடித்தது. தோசைக்கல் சிவக்காமலே சுடுகிறதே, அதை நினைத்துக்கொண்டேன். ஆனால் நம் சொல் வேலை செய்ய வேண்டியது நிறமாலையில் இடம் காட்டுவதற்கு. அலைநீளத்தில் சிவப்பு சுமார் 0.7 மைக்ரானில் முடிகிறது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் உடம்பு வீசும் கதிரின் உச்சம் 9, 10 மைக்ரான் பக்கம். இந்த வகைக் கதிர் 1000 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர் வரை நீள்கிறது. கண் காணும் மொத்தப் பட்டையில் அலைநீளம் ஏறக்குறைய ஒரே ஒரு முறைதான் இரட்டிக்கிறது. இதிலோ பத்து முறைக்கும் மேல். இவ்வளவு பெரிய வெளியை அகம் என்று எப்படிச் சொல்வது?

சிக்கல் இத்தோடு நிற்கவில்லை. வானியலில் இதை அண்மை, சேய்மை என்று பிரிக்கிறார்கள். 'சேய்மை அகச்சிவப்பு' என்று எழுதிப் பாருங்கள். உள்ளே தொலைவாகப் போனால் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் அல்லவா போவோம்? 'சேய்மைப் புறச்சிவப்பு' என்றால் சிவப்பைவிட்டு வெளியே வெகுதூரம், நுண்ணலையை நெருங்கும் இடம் என்பது தானாகவே விளங்குகிறது. என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது இதுதான்.

> செங்கீழ் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, நல்ல சொல். இந்தியின் 'அவரக்த்' கூட அதே வழியில், கீழ் என்ற பொருளில்தான் போகிறது. ஆனால் அது அதிர்வெண்ணில் கீழ். அலைநீளத்தில் பார்த்தால் சிவப்புக்கு மேல். பாடத்தின் முதல் பக்கத்தில் அலைநீளத்தைச் சொல்லிவிட்டு இரண்டாம் பக்கத்தில் கீழ் என்றால் பிள்ளைகள் திண்டாடுவார்கள். புறம் என்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த அளவால் வரிசைப்படுத்தினாலும் வெளியே வெளியேதான்.

பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் அகச்சிவப்பு ஊறிவிட்டது, உண்மை. அதனால் பாடத்தில் முதல் முறை வரும்போது மட்டும் 'புறச்சிவப்பு, அதாவது அகச்சிவப்பு என்று வழங்குவது' என்று எழுதி, அப்புறம் புறச்சிவப்பையே தொடரலாம் என்கிறேன். தேடுகிறவர்களுக்காகச் சொற்பட்டியலில் இரண்டும் இருக்கட்டும். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஞாயிறன்று அதே பெட்டியோடு மறுபடி மாடிக்குப் போகிறோம்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து