டிபென்டபாட் புல் ரிக்வெஸ்ட்: ரகசியச் சாவியை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே. கிட்ஹப்பில் இருக்கும் எங்கள் நோட் ஜேஎஸ் திட்டத்துக்கு டிபென்டபாட் (நூலகங்களைத் தானாகப் புதுப்பிக்க உதவும் பாட்) போட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை என்பிஎம் நூலகங்களைப் பார்த்து, புதிய பதிப்பு வந்திருந்தால் அதுவே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறக்கிறது. அதுவரை சரி.

சிக்கல் சோதனையில். நாங்கள் திறக்கும் புல் ரிக்வெஸ்டில் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பில் சோதனைகளைத் தானாக ஓட்டும் வசதி) பச்சை காட்டுகிறது. பாட் திறந்தால் சிவப்பு. காரணம் தெரியும்: டிபென்டபாட் தொடங்கும் ஓட்டத்துக்கு ஆக்‌ஷன்ஸ் ரகசியங்கள் கிடைக்காது, டோக்கனும் (ஓட்டத்துக்குக் கிடைக்கும் அனுமதிச் சாவி) படிக்க மட்டும்தான். அதனால் சோதனை டேட்டாபேஸின் கடவுச்சொல் காலியாகப் போகிறது. யாரோ எழுதிய நூலகம் நம் சாவியோடு ஓடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நியாயம்தான்!

இப்போது இரண்டு வழி தெரிகிறது. அதே கடவுச்சொல்லை டிபென்டபாட் ரகசியங்களிலும் தனியாகச் சேர்க்கலாம்; ஆனால் பாதுகாப்பே அடிபடுமே என்று தயக்கம். இல்லையென்றால் டேட்டாபேஸை சர்வீஸ் கன்டெய்னராக (ஓட்டம் முடியும்வரை மட்டும் இருக்கும் தற்காலிகச் சூழல்) அந்த ஓட்டத்துக்குள்ளேயே எழுப்பி, ரகசியமே தேவையில்லாமல் செய்யலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் சோதனைத் தரவு கொஞ்சம் பெரியது, ஒவ்வொரு முறையும் ஏற்ற நேரமாகும். (ரகசியங்களைத் தந்தே ஓட்டும் புல்_ரிக்வெஸ்ட்_டார்கெட் போடச் சொல்லாதீர்கள், அதன் ஆபத்து தெரியும்.)

பெரிய தரவோடு கன்டெய்னர் வழியில் போனவர்கள் இருக்கிறீர்களா? தரவை முன்கூட்டியே இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) ஏற்றி வைத்தீர்களா, அல்லது டிபென்டபாட்டுக்கு மட்டும் சின்ன சோதனைத் தொகுப்பு வைத்தீர்களா? அப்புறம், பேட்ச் பதிப்புகளை (சிறு திருத்தங்கள்) தானாக மெர்ஜ் செய்ய, அதாவது திட்டத்தில் சேர, விடுகிறீர்களா? யாமல் (ஓட்டத்தின் அமைப்புக் கோப்பு) துண்டு இருந்தால் பகிருங்கள்.